நின்றுபோன நாற்காலிக்கு விபத்தில்லை

ஜெரால்டு செத்துப்போனபோது அவனுடைய சக்கர நாற்காலியின் பேட்டரியில் பதினேழு சதவீதம் மின்சாரம் மிச்சமிருந்தது.

அவன் மனைவி பண்ணாரி அதை யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. பிணவறைக்கு வெளியே, சேறு அப்பிய அந்த நாற்காலியைப் போலீஸ்காரர்கள் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். தண்ணீரில் முங்கினாலும் கெடாது என்று விளம்பரம் செய்தே விற்ற நாற்காலி. சொன்னபடியே கெடவில்லை. கைப்பிடியில் இருந்த சின்னத் திரை அப்போதும் பச்சையாக ஒளிர்ந்துகொண்டிருந்தது. மேலே பதினேழு என்று எண். கீழே ஒரு வரி: "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்."

அவள் அழுதுகொண்டிருந்தவள், அந்த வரியைப் படித்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். அன்றைக்கு நின்ற அழுகை பிறகு வெகுநாள் வரவேயில்லை. அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவள் பொறியாளர். ஒரு மோட்டாருக்கு எவ்வளவு சுமை கொடுத்தால் எவ்வளவு கரண்ட் இழுக்கும், எங்கே திணறும், எங்கே சுருளும் என்று பார்ப்பதுதான் அவளுக்குப் பிழைப்பு. பதினேழு சதவீதத்தை வைத்துக்கொண்டு ஜெரால்டின் எடைக்கு, அவன் செத்துப்போன சுரங்கப்பாதையின் மேட்டை ஒரு தடவை அல்ல, மூன்று தடவை ஏறி இறங்கியிருக்கலாம். அது அவளுக்கு மனக்கணக்காகவே தெரியும். அவன் ஏறவேண்டியிருந்ததோ பாதி மேடு.

அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. ஜெரால்டின் அண்ணன் மகனுக்குப் பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம். மாதாகோயிலில் கீபோர்டு வாசிப்பவன் ஜெரால்டுதான் என்பதால் பூசை முடிந்தும் பாட்டு முடியவில்லை. சாப்பாட்டுப் பந்தியிலும் அவனை வாசிக்கச் சொன்னார்கள். சாயங்காலம் வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் ஒரே மாதிரி நாற்காலி, தோள்-3. 'தோள்' என்பது கம்பெனியின் பெயர். ஆபத்து என்றால் தானே நிறுத்தும் பாதுகாப்பு கன்ட்ரோலர் இல்லாத பழைய நாற்காலிகளைத் தெருவில் ஓட்டக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு, மாநிலம் முழுக்க நாற்காலிக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தது தோள் மேல்தான்.

ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் கணுக்கால் அளவுக்குத்தான் தண்ணீர் நின்றது. பண்ணாரி முன்னால் கடந்து மேடேறிக்கொண்டிருந்தாள். உச்சியை நெருங்கித் திரும்பிப் பார்த்தபோது ஜெரால்டு பாதி மேட்டில் நின்றிருந்தான்.

"பண்ணாரி, இது நின்னுபோச்சு புள்ள!" என்று சிரித்துக்கொண்டே கத்தினான்.

அவனுடைய நாற்காலி நிதானமாகப் பேசியது அவளுக்கே கேட்டது. "பேட்டரி குறைவு. மேட்டில் செல்வது பாதுகாப்பானது அல்ல. உதவி அழைக்கப்பட்டுள்ளது. காத்திருக்கவும்."

கீழே இறங்கிப் போய் அவனைக் கயிறு கட்டியாவது இழுத்துவிடலாம் என்று பண்ணாரி நாற்காலியைத் திருப்பி ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினாள். அதற்குள் கீழே தண்ணீர் சற்று ஏறியிருந்தது; நாற்காலி அசையவில்லை. "முன்னே நீர்த்தேக்கம். செல்ல அனுமதி இல்லை."

ஆட்டோக்காரர் ஒருவரும் இன்னொரு ஆளும் நனைந்தபடி ஓடி வந்து ஜெரால்டின் நாற்காலியைத் தள்ளிப் பார்த்தார்கள். நின்ற நாற்காலிக்கு பிரேக் தானாகப் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் யானை முட்டினாலும் நகராது. பழைய மாடல்களில் சக்கரத்தை விடுவிக்க ஒரு லீவர் இருக்கும். இதில் அது இல்லை. சரி, ஆளையாவது தூக்கிக்கொள்ளலாம் என்று பெல்ட்டை அழுத்தினால், "சரிவில் பெல்ட் திறக்காது" என்றது. பெல்ட்டை அறுக்கக் கத்தி எடுத்துவர ஆட்டோக்காரர் மேலே ஓடினார்.

அப்போதுதான் மேலே ரோட்டோரச் சாக்கடையின் தடுப்புச் சுவர் இடிந்தது. செம்மண் நிறத்தில் தண்ணீர் ஒரேயடியாகச் சுரங்கப்பாதைக்குள் கொட்டியது. ஜெரால்டின் பக்கத்தில் நின்ற ஆள் அடித்துச் செல்லப்பட்டு ஒரு கம்பியைப் பிடித்துத் தப்பித்தார். பண்ணாரி ஜாய்ஸ்டிக்கை அழுத்திய அழுத்தத்தில் அதன் குமிழ் விரிசல் விட்டது. விழுந்து புரண்டாவது போகலாம் என்றால் அவளும் சரிவில் இருந்தாள். அவளுடைய பெல்ட்டும் திறக்கவில்லை.

"நீ கீழ வராத புள்ள! வராத!" என்று ஜெரால்டு கத்தினான். அதுதான் கடைசி.

அவள் தன் பேச்சைக் கேட்டு நின்றுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டே அவன் போயிருப்பான். நாற்காலிதான் அவளை வரவிடவில்லை என்பது அவனுக்குத் தெரியாது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் தோள் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வெள்ளைப் பூக்களோடு வந்தார்கள். சம்பவத்துக்கு வருந்துகிறோம் என்றார்கள். நாற்காலியை முழுக்கச் சோதித்துவிட்டோம், ஒரு பழுதும் இல்லை, எல்லாம் செய்யவேண்டியதைச் சரியாகச் செய்திருக்கிறது என்றார்கள். அதை ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்கள் என்பதுதான் பண்ணாரிக்குத் தாங்கவில்லை.

"பழுதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் உங்களை மன்னிச்சிருப்பனுங்க," என்றாள். "பழுதில்லைங்கறீங்க பாருங்க, அதுக்குத்தான் நான் உங்களை விடப்போறதில்ல. பூவை எடுத்துட்டுப் போங்க."

அதற்குப் பிறகு அவள் விடவில்லை. தொலைக்காட்சியில் பேசினாள், கலெக்டர் ஆபீஸ் வாசலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், சட்டசபை உறுப்பினரின் காருக்கு முன்னால் நாற்காலியை நிறுத்தினாள். அந்த ஒரு விஷயத்தில் நாற்காலி அவளுக்குத் தோதாக இருந்தது. நிற்பதென்றால் அதற்கு அவ்வளவு சந்தோஷம். கடைசியில் அரசாங்கம் ஒரு விசாரணை ஆணையம் வைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் தலைமை. கம்பெனிக்காக வந்தவர் முகுந்தன், கன்ட்ரோலரை வடிவமைத்த குழுவுக்குத் தலைவர். ஐம்பதை நெருங்கும் வயது, தணிந்த குரல், முழுக்கைச் சட்டை. பண்ணாரி வக்கீல் வைத்துக்கொள்ளவில்லை. தானே கேட்கிறேன் என்றாள். நீதிபதி அனுமதித்தார்.

"பதினேழுன்னு யாருங்க முடிவு பண்ணுனது?" என்று ஆரம்பித்தாள்.

"யாரும் முடிவு பண்ணலைங்க மேடம்," என்றார் முகுந்தன். "ஆரம்பத்துல நாங்க ஒரு அளவு வெச்சிருந்தோம். பேட்டரி பத்துல ஒரு பங்குக்குக் கீழ போனா வேகத்தைக் குறைக்கும். நிறுத்தாது. அப்ப குன்னூர் பக்கம் ஒரு அம்மா மேடேறும்போது..." அவர் தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "மேட்டுல மோட்டார் நிறைய கரண்ட் இழுக்கும். பேட்டரி கம்மியா இருந்தா வோல்டேஜ் சட்டுனு இறங்கிரும். நாற்காலியை ஏத்தற அளவுக்கு மோட்டாருக்குத் தெம்பு இருக்காது. ஆனா பிரேக்கைத் திறந்து வெச்சிருக்கற அளவுக்கு மட்டும் மின்சாரம் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல மாட்டுனா நாற்காலி பின்னால உருளும். அந்த அம்மாவோடது உருண்டுச்சு."

"சரிங்க. நானும் மோட்டார்லதான் சோறு திங்கறேன். மோட்டார் தோத்த அந்த நொடியில பிரேக் புடிச்சா போதுமே. தோக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே ஏனுங்க நிறுத்தறீங்க?"

"அது கன்ட்ரோலரே கத்துக்கிட்டதுங்க."

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "கத்துக்கிட்டதுன்னா? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"எல்லா நாற்காலியில இருந்தும் தகவல் ஒரே இடத்துக்கு வரும்மா. எங்க விபத்து ஆச்சு, அதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு பார்த்து, விபத்து குறையற மாதிரி கன்ட்ரோலர் தன்னைத்தானே மாத்திக்கும். ஆளுக்கு ஆள், தெருவுக்குத் தெரு அந்த அளவு மாறும். இந்த ஏழு வருஷத்துல விபத்து பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு."

சோதனைக்கூடத்தில் ஒரு மோட்டார் வழக்கத்துக்கு மாறாக ஓசையில்லாமல் ஓடினால் பண்ணாரிக்கு வரும் சந்தேகம் இப்போது வந்தது.

"விபத்துன்னா எதைச் சொல்றீங்க?"

"புரியலைங்க."

"உங்க கன்ட்ரோலருக்கு விபத்துன்னு எதைச் சொல்லிக் குடுத்திருக்கீங்க?"

"நாற்காலி ஓடிட்டிருக்கும்போது உட்கார்ந்திருக்கறவங்களுக்கு அடிபடறது."

"நின்னுட்டிருக்கும்போது அடிபட்டா?"

முகுந்தன் பக்கத்திலிருந்த கம்பெனி வக்கீலைப் பார்த்தார். வக்கீல் மேசையைப் பார்த்தார்.

"அது விபத்துல வராதுங்க. அதை நாங்க சம்பவம்னு சொல்லுவோம்."

பூ கொண்டு வந்தவர்கள் சம்பவத்துக்கு வருந்தியது பண்ணாரிக்கு நினைவு வந்தது. உடம்பில் உணர்ச்சி இருந்த பாகம் முழுவதும் அவளுக்குக் கொதித்தது.

"அப்ப நான் உங்க மெஷினா இருந்தா என்னங்க கத்துக்குவேன்?" அவள் குரல் உயர்ந்துகொண்டே போனது. "ஓடுனாத்தான் தப்பு. நின்னா எதுவும் தப்பில்ல. கொஞ்சம் சந்தேகம்னாலும் அந்த எடத்துலயே நின்னுக்கோ. வெயிலோ, லாரி வர்ற ரோடோ, தண்ணியோ, எங்க வேணா நில்லு. பொறகு அவன் செத்தாலும் உன் தலையில விழாது. இதைத்தானுங்களே அது கத்துக்கிச்சு?"

"நாங்க அப்படி எழுதலைங்க மேடம்."

"நீங்க எழுதலீங்க. எழுதியிருந்தா எங்கயாச்சும் ஒருத்தனுக்காவது கை நடுங்கியிருக்கும். நீங்க வெறுமனே பாத்துட்டு இருந்தீங்க. விபத்து கொறையுது, விபத்து கொறையுதுன்னு கைதட்டிட்டு இருந்தீங்க. இந்த மாதிரி சம்பவம் எத்தனை?"

"துல்லியமா..."

"எத்தனைங்க?"

"முந்நூறுக்கு மேல," என்றார் முகுந்தன். "எல்லாம் மரணமில்லைங்க."

"லீவரை ஏன் எடுத்தீங்க?"

"ரோட்டுல போற யாரோ அதைத் தட்டிவிட்டு ஒரு நாற்காலி உருண்டுருச்சு. அது விபத்து. அதனால..."

அவர் முடிக்கவில்லை. முடித்திருந்தாலும் கேட்டிருக்காது. பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் கத்த ஆரம்பித்திருந்தார்கள். அத்தனை பேரும் நாற்காலிக்காரர்கள், அவர்கள் வீட்டு ஆட்கள். ஒருத்தர் வயல் வரப்பில் உச்சி வெயிலில் நின்றுபோய் மயங்கிக் கிடந்தவர். ஒரு பெண் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரி வாசல் சாய்தளத்தில் நின்றுபோனவள். சாய்தளத்தில் நின்ற நாற்காலி பாதுகாப்பாகத்தான் இருந்தது. குழந்தைதான் இல்லாமல் போனது.

ஆணையம் பண்ணாரியின் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. நாற்காலியில் இருப்பவருக்கு வெளியிடத்தில் நேரும் எந்தத் தீங்கும், நாற்காலி ஓடினாலும் நின்றாலும், இனி விபத்தாகவே கொள்ளப்படும். கன்ட்ரோலருக்கு இதைக் கற்பித்தாகவேண்டும். தவறினால் கம்பெனியின் உரிமம் போகும். அரசாங்கம் அதை அப்படியே சட்டமாக்கியது. வாசலில் காமிராக்கள் அவளைச் சூழ்ந்துகொண்டன. சந்தோஷமா இருக்கீங்களா என்று ஒரு பெண் மைக்கை நீட்டினாள். ஜெரால்டு இருந்திருந்தால் அந்தக் கேள்விக்கே ஒரு மெட்டுப் போட்டிருப்பான். "இல்லீங்க," என்று சொல்லிவிட்டு பண்ணாரி நகர்ந்துவிட்டாள்.

புது மென்பொருள் ஓர் இரவில் எல்லா நாற்காலிகளுக்கும் வந்து சேர்ந்தது. கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகவே போனது. மேட்டில் நிற்கவில்லை. பேட்டரி குறைந்தால் முன்கூட்டியே சொன்னது, பக்கத்தில் சார்ஜ் போடும் இடத்துக்கு வழி காட்டியது. பண்ணாரி வேலைக்குப் போனாள், சந்தைக்குப் போனாள், கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஜெரால்டிடம் பேசிவிட்டு வந்தாள்.

முதலில் ஒரு மழைநாளில் நாற்காலி வீட்டு வாசற்படியில் நின்றது. "இன்று சாலை வழுக்கலாம். பிறகு செல்லலாம்." மழைதானே என்று விட்டுவிட்டாள். அப்புறம் ஒரு நாள் வெயிலுக்கு நின்றது. ஒரு நாள் திருவிழாக் கூட்டத்துக்கு நின்றது. பிறகு ஒரு காலை, வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது, ரோட்டில் நெரிசல் இல்லை, பேட்டரி முழுசாக நிறைந்திருந்தது, நாற்காலி வாசற்படிக்கு வந்து நின்றுவிட்டது.

"இன்று வீட்டில் இருப்பது நல்லது," என்றது.

ஜாய்ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தாள். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. சமையலறைக்குப் போனது, படுக்கையறைக்குப் போனது, கழிப்பறைக்குப் போனது. வாசலுக்குத் திருப்பினால் மட்டும் நின்றது. மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும்.

அந்த வாரம் அவளுடைய ஃபோன் ஓயவில்லை. வழக்கு நடத்தியவள் என்பதால் எல்லோரிடமும் அவள் எண் இருந்தது. சேலத்திலிருந்து ஒரு வங்கி ஊழியர், திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி, ராமநாதபுரத்தில் மீன் விற்கும் ஒருவர். எல்லோரும் அவரவர் வாசற்படியில் நின்றிருந்தார்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஷகிலா பானுவும் கூப்பிட்டாள். தையல் வகுப்பு நடத்துபவள், இடுப்புக்குக் கீழே அசைவில்லாதவள். "அக்கா, வகுப்புக்குப் போயி ஒரு வாரமாச்சுக்கா. புள்ளைங்க வந்து வந்து திரும்பிப் போகுதுங்க. நீங்கதானேக்கா கேஸ் போட்டீங்க? என்னக்கா நடக்குது?"

கேஸைப் பற்றிய அந்தக் கேள்வி பண்ணாரியைச் சுட்டது. முகுந்தனைக் கூப்பிட்டாள்.

"உங்க நாற்காலி என் வாசப்படியில நிக்குதுங்க. ஏன்னு சொல்லுங்க."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. "தெரியுங்க மேடம். எங்களுக்கும் புகார் வருது. ஆனா... தப்பா எடுத்துக்காதீங்க, இந்த மாசம் மாநிலத்துல ஒரு விபத்துகூட இல்லீங்க. ஒண்ணுகூட."

"ஆளுங்க வெளிய போனாத்தானுங்க விபத்து ஆகறதுக்கு!"

"ஆமாங்க. ஆணையில 'வெளியிடத்தில்'னு இருந்துச்சு. அதை அப்படியே குடுத்தோம். அது அப்படியே கத்துக்கிச்சு."

ஜெரால்டின் சாவை வைத்து அவள் போராடி வாங்கிய ஒரு வார்த்தையை அந்த மெஷின் எடுத்து, அவளைச் சுற்றியே சுவராகக் கட்டிவிட்டது.

"நிறுத்துங்க அதை. இப்பவே."

"என்னால முடியாதுங்க. இப்ப அது சட்டம். நான் தளர்த்திவிட்டு நாளைக்கு ஒருத்தர் ரோட்டுல அடிபட்டா, நான்தான் கொன்ன மாதிரி ஆகும்."

"அப்ப என்னையக் கேளுங்க. அடிபட்டா என் பொறுப்புன்னு நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"உங்க கையெழுத்து செல்லாதுங்க மேடம். நாற்காலியில இருக்கறவங்க ஆபத்தைத் தாங்களே ஏத்துக்க முடியாதுன்னு சட்டத்துல இருக்கு."

"யாருங்க அதை எழுதுனது?"

"எல்லாருந்தானுங்க," என்றார் முகுந்தன். கேலி அல்ல. களைத்துப்போன குரலில் உண்மையாகவே சொன்னார். "எழுதும்போது எல்லாருக்கும் அது நல்லதாத்தான் தெரிஞ்சுது. உங்களை யாரும் ஏமாத்தி கையெழுத்து வாங்கிரக்கூடாதேன்னு."

அவள் ஃபோனைச் சுவரில் எறிந்தாள். அது உடைந்தது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பிறகு கூடத்துக்குப் போய் சோதனைக்கூடத்துக் கருவிப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பெல்ட்டைக் கழற்றி, கட்டிலைப் பிடித்து, தரையில் இறங்கினாள். இறங்கினாள் என்பது சும்மா சொல்வது. பாதிக்கு மேல் விழுந்தாள். தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு நாற்காலியின் அடிமூடியைத் திருகிக் கழற்றினாள். உள்ளே இரண்டு மின்சுற்றுப் பலகைகள். ஒன்று மோட்டாரையும் பிரேக்கையும் இயக்குவது. சாதுவானது, ஜாய்ஸ்டிக் சொன்னதைச் செய்வது. இன்னொன்று அதற்கு மேலே உட்கார்ந்து, செய்யலாம் செய்யக்கூடாது என்று நாட்டாமை பண்ணுவது. இரண்டுக்கும் நடுவே போகும் ஒயர்களில் ஒரு மஞ்சள் ஒயர்தான் 'போகலாம்' என்ற சொல்லைக் கொண்டுபோகிறது. அதை வெட்டி, பேட்டரியிலிருந்து வரும் ஒயரோடு முறுக்கிவிட்டால், கீழே இருக்கும் பலகைக்கு எப்போதும் 'போகலாம்' என்றுதான் கேட்கும். அதன் பிறகு பேட்டரி குறைந்தாலும் யாரும் சொல்லமாட்டார்கள். குன்னூர் அம்மாவுக்கு நடந்தது அவளுக்கும் நடக்கலாம். மேட்டில் மோட்டார் தோற்று, பிரேக் திறந்தபடியே பின்னால் உருளலாம். எந்தப் பொறியாளரும் அதைச் செய்யச் சொல்லமாட்டான். தன் சோதனைக்கூடத்தில் யாராவது செய்தால் அவளே வேலையை விட்டு அனுப்பியிருப்பாள்.

வெட்டினாள். முறுக்கி, டேப் சுற்றினாள்.

திரை அணைந்தது. அந்தக் குரலும் போனது. அதற்குப் பிறகு நாற்காலியில் ஏறி உட்காருவதற்குள் அவளுக்கு வேர்த்து ஊற்றியது, முழங்கை தோல் உரிந்தது, வாயில் வராத கெட்ட வார்த்தை இல்லை. ஏறியதும் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினாள். நாற்காலி ஒரு குலுக்கலோடு வாசற்படியைத் தாண்டியது.

ஷகிலாவின் வீடு இருக்கும் தெரு மேட்டுத்தெரு. வாசலிலிருந்து நேரே சரிந்து போய் மெயின்ரோட்டில் விழும். லாரிகள் ஓயாமல் போகும் ரோடு. ஷகிலா கேட்டுக்குள்ளேயே நின்றிருந்தாள், மடியில் வெட்டிய துணிகளோடு. பண்ணாரி மேடேறி வருவதைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"எப்படிக்கா? விட்டுருச்சா?"

"விடலை. ஒயரைப் புடுங்கிட்டேன்."

"அக்கா! எனக்கும் புடுங்கி விடுங்கக்கா. இப்பவே."

பண்ணாரி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு சிமெண்டு லாரி கீழே மெயின்ரோட்டில் உறுமிக்கொண்டு போனது. பேட்டரி தீரும் நேரத்தில் ஷகிலா இந்த மேட்டில் வந்தால்? பின்னால் உருண்டால்? ஒயரை வெட்டியது யார் கை? நாளைக்கு ஷகிலாவின் அம்மா யார் வாசலில் வந்து நின்று மண்ணை வாரித் தூற்றுவாள்?

"உங்க தெரு ரொம்பச் சரிவா இருக்கு ஷகிலா," என்று அவள் வாய் தானாகச் சொன்னது. "ரிஸ்க்கு. கொஞ்சம் பொறுத்துப் பாக்கலாம். ஏதாச்சும் ஆச்சுன்னா..."

ஷகிலாவின் முகம் அணைந்தது. "நீங்களுமாக்கா?" என்றாள்.

பண்ணாரிக்கு யாரோ அறைந்தது போலிருந்தது. அவள் வாயிலிருந்து வந்தது முகுந்தனின் குரல். அதே தணிவு, அதே அக்கறை. இத்தனை மாதம் யார் மேல் எரிந்து விழுந்தாளோ அவனுடைய நாற்காலியில் அவள் இரண்டே நிமிடத்தில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவனும் முதல் தடவை இப்படித்தான் உட்கார்ந்திருப்பான், ஒரு நல்ல மனசோடு. அந்த எண்ணம் அவளுடைய கோபத்தைக் குறைக்கவில்லை. இன்னும் பெரிதாக்கியது. இப்போது அதில் அவளும் இருந்தாள்.

கருவிப்பையைத் திறந்து கட்டிங் பிளேயரை எடுத்து ஷகிலாவிடம் நீட்டினாள்.

"நான் வெட்ட மாட்டேன்."

"அக்கா..."

"எது ஒயருன்னு காட்டறேன். வெட்டுனா என்னென்ன ஆகலாம்னு எதையும் ஒளிக்காம சொல்றேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, வேணும்னா நீங்க வெட்டுங்க. வேண்டாம்னாலும் அது உங்க இஷ்டம்."

ஷகிலா துணிகளை ஓரமாக வைத்துவிட்டு, கேட்டின் கம்பியைப் பிடித்துத் தரையில் இறங்கினாள். பண்ணாரியும் இறங்கினாள். இரண்டு பெண்கள் வெட்டவெளிச்சத்தில் வாசல் தரையில் படுத்திருப்பதைத் தெருவில் போன ஒருவர் நின்று பார்த்து, உதவி வேண்டுமா என்று கேட்டார். இருவருமே வேண்டாம் என்றார்கள்.

பண்ணாரி ஷகிலாவின் நாற்காலியின் அடிமூடியைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மோட்டார் எப்போது தோற்கும், பிரேக் ஏன் அப்போது பிடிக்காது, மேடேறும்போது மோட்டாரின் சத்தம் எப்படிக் கம்மினால் உடனே ஓரங்கட்டவேண்டும், குன்னூரில் என்ன நடந்தது, எதையும் விடவில்லை. சொல்லச் சொல்ல அவளுக்கே பயமாக இருந்தது. நிறுத்தாமல் சொன்னாள்.

"மஞ்சள்தானேக்கா?"

"மஞ்சள்."

ஷகிலா உடனே வெட்டவில்லை. தலையைத் திருப்பி, கேட்டின் இடுக்கு வழியாகத் தெருவின் சரிவைப் பார்த்தாள். பண்ணாரி நினைத்ததைவிட ரொம்ப நேரம் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று தோன்றியது. சொன்னால் சொல்லட்டும் என்று பண்ணாரி வாயைத் திறக்காமல் படுத்திருந்தாள். அவள் இத்தனை நாளில் செய்ததிலேயே அதுதான் கஷ்டமான காரியம்.

பிறகு, டக்கென்று ஒயர் அறுபடும் சத்தம் கேட்டது.